ஓநாயின் இடது காது

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு கைக்குட்டை நெய்யுமளவு பஞ்சு.
மேலே கடுகு மஞ்சள், அதற்கடியில் நேவி,
அடியோடு அடியாக
போன தீபாவளிக்கு முந்தின ஆர்டரின் அடர்சிவப்பு.
அங்கேரிபாளையத்தில்
எந்தக் கம்பெனி எந்த மாதம் என்ன நிறம் கத்தரித்தது என்று
என் கம்ப்யூட்டர் விசிறி கணக்கு வைத்திருக்கிறது.

பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினேன்.
தும்மினேன்.
எதிர்வீட்டு ஓவர்லாக் மெஷின்
ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

எல்லாம் ஓநாயால் வந்தது.
எட்டு வயதுப் பையன்களின் நெஞ்சு நிறைய
பதினோரு நிறத்தில் ஒரு ஓநாய் முகம்.
ஆன்போர்டு வீடியோவில் அதைக் கொஞ்சம் நகர்த்தினால்
மூக்கு முதலில் வரும்.
பிறகு ஒரு கண்.
பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தால் வலது காது.
இடது காது வருவதற்குள்
பிரிண்டிங் பட்டறைக் கிட்டுசாமி போனில் வந்துவிடுவார்:
"ஆச்சுங்களா? வெசாளக்கெழமை சேம்பிள் போயாகோணுமுங்க."

அதன்மேல் எனக்குக் கோபமில்லை.
தனக்கென்று மெமரி கிடையாது அதற்கு.
போர்டில் இருப்பதில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி
ஆறு வருஷம் படம் காட்டியது.
நான் முதன்முதலில் காசு வாங்கிய பட்டாம்பூச்சி,
துணையாகத் தொழில் தொடங்கிய ஹேமமாலினி
கணக்கைப் பிரித்துக்கொண்டு அனுப்பிய கடைசி மெயில்,
எல்லாம் அந்த நீலத் துளை வழியாகத்தான் வந்தன.

கார்டு காந்திபுரத்தில் வாங்கியது. பழசு.
ஏழாயிரத்து இருநூறு.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
அவிநாசியில் ஏறிய ஒருவர்
"கேக்குங்களா?" என்றார்.

ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டேன்,
உடம்பின் கரண்ட் இறங்க.
தையல் மெஷின் திருப்புளிதான் கையில் இருந்தது.
பின்பக்கத் தகரப் பட்டையை ஒடித்ததில்
கட்டைவிரலில் ஒரு கீறல்.
ஒரு திருகு போர்டுக்கு அடியில் உருண்டு ஒளிந்தது;
பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்த மாம்பழம் அதைப் பிடித்துத் தந்தது.
கார்டை அமுக்கினேன்.
'டிக்' என்றது கொக்கி.

பவர் போட்டேன்.
விசிறி சுற்றுகிறது. விளக்கு எரிகிறது.
திரை கம்முனு இருக்கிறது.

கழற்றி, மாட்டி, மருக்காவும் கழற்றி, மாட்டி.
விற்ற திருமூர்த்தியைக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது.
பண்ணாரிக்குக் குண்டம் மிதிக்கப் போவதாக
காசு வாங்கும்போதே சொல்லியிருந்தான்.
அவன் நெருப்பில், நான் இருட்டில்.

வேறு வழியில்லாமல்
ஒயரைப் பழைய துளையில் சொருகினேன்.
படம் வந்துவிட்டது,
ஒன்றுமே நடக்காதது போல.

அப்போதுதான் உறைத்தது:
புதிதாக ஒரு ஆள் வந்திருப்பதை
போர்டுக்கு யாரும் சொல்லவில்லை.
டெலீட் பட்டனை அமுக்கிக்கொண்டே எழுப்பினேன்.
நீலத் திரை. வெள்ளை எழுத்து.
முதலில் எதைக் காட்டவேண்டும் என்ற கேள்விக்கு நேராக
'ஆன்போர்டு' என்றிருந்தது.
அதை நீக்கும் வரியையும்
அதுவேதான் எனக்குப் படித்துக் காட்டியது,
ஒரு எழுத்தும் மங்காமல்.
எண்டர் தட்டுமுன் விரல் சற்று நின்றது.
அவ்வளவுதான்.

திரை அணைந்தது.
ஒயரைப் பிடுங்கிக் கீழே சொருகினேன்.
பழைய துளையில் பஞ்சு போகாமல்
ஒரு துண்டு செல்லோடேப்.

ஓநாயைத் திறந்தேன்.
முழுசாக வந்து நின்றது,
மூக்கு, கண், இரண்டு காது,
ஒரே மூச்சில்.

மூன்று வாரமாக வரைந்தவள் நான்தான்.
இடது காது
வலதைவிட அரை விரற்கடை பெரிது.
கொஞ்சம் வெளியே சாய்ந்தும் இருக்கிறது.

போன் அடிக்கிறது.
"ஆச்சுங்களா?"

"வந்துருச்சுங்க," என்றேன்,
"ஒரு மணி நேரம் குடுங்க."