சதுரமும் வட்டமும்

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
செத்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு.
பெரியாஸ்பத்திரி மூன்றாம் மாடியில்
கிண்ணியாப் பாலம் தாண்டி வேலைக்கு வரும் பரீனா மிஸ்ஸி
அடிமட்டம் வைத்து
எங்கள் குடும்பத்தைக் கீறினாள்.

என்னில் தொடங்கினாள். முழுக்கக் கறுத்த வட்டம்.
பெருநாடியின் வேர் நாலரை சென்ரிமீற்றர்.
விரல்கள் நீளம். எந்தச் சட்டைக்கும் கை கட்டை.
கொழும்புக்குப் போன இரத்தம்
மூன்று மாதத்தில் ஒரு மரபணுவின் பெயரோடு திரும்பியிருந்தது.

"அப்பா எத்தின வயசுல?"
முப்பத்தொன்பது. கொட்டியாரக் குடாவில்
வள்ளத்திலிருந்து விழுந்தார். கடல் எடுத்தது என்றோம்.
நீந்தத் தெரிந்தவரை ஏன் எடுத்தாய் என்று
யாரும் கடலைக் கேட்கவில்லை.

"பெரியப்பா?"
மடத்தடிச் சென்றியில் அடையாள அட்டையை
நீட்டிய கையோடு சரிந்தவர்.
பயத்தில் நெஞ்சு வெடித்தது என்றார்கள்.
"வெடிச்சது சரிதான்" என்றாள் பரீனா.
உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அத்தை சிவகாமவல்லி, பிள்ளை பெற்ற மறுநாள்.
அதற்குப் பேய்.

எங்கள் வீட்டில் காரணங்களுக்குக் குறைவில்லை:
கடல், ஆமி, பேய்.
மூன்று கோடுகளும்
ஒரே சாய்வில் விழுந்தன.

"சித்தப்பா இருக்காரா?"

அரியரத்தினம். ஆறடி மூன்றங்குலம். கரப்பந்தில் வலையோரம் நிற்பவர்.
தொண்ணூறாம் ஆண்டு சுற்றிவளைப்பில் லொறியில் ஏற்றினார்கள்.
தலை தட்டுமென்று
குனிந்து ஏறினார்.

அடிமட்டம் அந்தச் சதுரத்தின் மேல் சாய்வாய் நின்றது.
உவர்மலையில் சித்தி இன்னும்
மரணச் சான்றிதழ்ப் படிவங்களைத் திருப்பி அனுப்புகிறாள்.
இதை நான் சொல்லவில்லை.
பரீனா அடிமட்டத்தை எடுத்தாள்.
சதுரத்துக்குள், பென்சிலால்,
சின்னதாய் ஒரு கேள்விக்குறி.

"புள்ள குட்டி?"
ஒரு மகன். அவர் போகும்போது வயிற்றில் இருந்தவன்.
நிலாவெளியில் ஹோட்டல் வேலை.

"அவரும் சோதிக்கணும். அதோட" (குரல் தணிந்தது)
"அவருக்கு இருந்தா, அவர்ர அப்பாக்கும் இருந்திச்சு எண்டு
நாம எழுதலாம்."

முப்பத்தைந்து வருடத்தில்
சித்தப்பாவைப் பற்றி எவரும் நிச்சயமாகச் சொல்லக்கூடிய
முதல் வசனம் அதுவாக இருக்கும்.
இல்லையென்றால் அதுவும் இல்லை.

வெளியே பஸ் நிலையத்தில் ஒரு புள்ளிமான்
யாரோ கிழித்துப்போட்ட லொத்தர்ச் சீட்டை மென்றுகொண்டிருந்தது.
போனில் அவன் பெயரைத் தேடினேன்.
"உன் அப்பாவைப் பற்றி ஒரு விசயம்" என்று தொடங்கக் கூடாது.
அந்த வீட்டில் அப்படியொரு வாக்கியத்துக்கு
இன்னும் கதிரை போட்டு வைத்திருக்கிறார்கள்.

மணி போனது. எடுத்தான்.
"தம்பி" என்றேன்,
"நீ எவ்வளவு உயரம்?"