பத்து லட்சம் அடி

நவம்பர். ஆலை வாசலில் கிழங்கு லாரிகள்.
ரைன்லாந்தின் இந்த மூலையில் ஊருக்கே வெந்த சர்க்கரை வாடை.
எங்கள் பெட்டிக்குள் வாடை கிடையாது,
காற்றையும் உறிஞ்சி எடுத்தாயிற்று.
உள்ளே, கட்டைவிரல் நகமளவு டங்ஸ்டன்.
பதினான்கு கிராம். கையில் வைத்தால்
திருப்பிக் கொடுக்காத கடன்போல் கனக்கும்.
இங்கே அதற்கு வோல்ஃப்ராம் என்று பேர்:
வெள்ளீயத்தை ஓநாய்போல் தின்கிறது என்று
சுரங்கக்காரர்கள் திட்டியது, பேராகவே நின்றுவிட்டது.

ஊர்வாயை மூட முடியாது, உலைவாயை மூடலாம் என்பார்கள்.
இது வேறு உலை.
சூரியனைக் காந்தத்தில் கட்டித் தொங்கவிடப் போகிறவர்களுக்கு
அதன் அடியில் எதை வைப்பதென்று தெரியவில்லை.
அதற்குத்தான் கெரியோனும் நானும்
இந்தத் துண்டை அடித்துக் கேட்கிறோம்.

அடி என்றால் எலெக்ட்ரான் கற்றை.
அரை மில்லிவிநாடி. விநாடிக்கு இருபத்தைந்து.
மாலை ஆறுக்குத் தொடங்கினால்
விடிகாலை ஐந்து ஏழுக்குப் பத்து லட்சம்.
கெரியோன் திருவிழாக் குழுவில் டியூபா ஊதுகிறவன்.
கிழங்குப் பாகு தடவிய கறுப்பு ரொட்டி ஒரு கையில்,
மறுகை விரல்கள் மேசைமேல் பயிற்சியில்.

இதற்கு முன் நாற்பது துண்டுகள். எல்லாம் பிளந்தன.
முப்பத்தெட்டாவது உருகி, விளிம்பில் மீசை வைத்துக்கொண்டது.
பிளப்பதில் எங்களுக்குத் துக்கமில்லை.
எத்தனையாவது அடியில் என்பதே கேள்வி.

ஐந்து ஏழு. எண்ணி நின்றது.
நாற்பத்தொன்றில் ஒரு கீறல் இல்லை.
கெரியோன் எழுந்து வாயாலேயே டியூபா ஊதினான்.
மேலிடத்துக்கு மின்னஞ்சல் எழுதி முடித்த நான்
ஏனோ அனுப்பவில்லை.

ஒன்பதுக்குத் திறந்தோம்.
துண்டு பளபளவென்று, நேற்று வைத்த மாதிரியே.
மூன்று மில்லிமீட்டர் தள்ளி,
செம்புப் பிடியில் மிளகளவு குழி.
ஆவியான செம்பு கேமராக் கண்ணாடியில் படிந்து
இரவெல்லாம் மங்கிய சிவப்பைக் காட்டியிருக்கிறது.
நாங்கள் அதை வெப்பம் என்று வாசித்திருக்கிறோம்.
பத்து லட்சமும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு.

சிரிப்பா வேறெதுவா தெரியாது,
கெரியோன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.
பதிவேட்டில் ‘தேறியது’ என்பதை அடித்தேன், தாள் கிழிந்தது.
‘கேட்கப்படவில்லை’ என்று எழுதினேன்.

பிடியை மாற்றி, கண்ணாடியைத் துடைத்து,
கற்றையை நடுவுக்கு இழுத்து
அன்று மாலையே அதே துண்டு.
இரவு பதினொன்றரை, லாரிகள் ஓய்ந்த நேரம்,
திரையில் ஒரு புள்ளி மட்டும்
அக்கம்பக்கத்தைவிடச் சூடாகி நின்றது.
வெப்பம் இறங்கும் வழி அங்கே அறுந்திருக்கிறது.
மயிரிழை. அதிலும் பாதி.
கெரியோனின் விரல்கள் மேசையிலிருந்து எழுந்தன.
நான் உரக்கப் படிக்க, அவன் எழுதினான்:
நான்கு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்துப் பதினேழு.
இரண்டு முறை சரிபார்த்தோம்.
பிறகு பாகு டப்பாவைத் திறந்து
எனக்கும் ஒரு ரொட்டியில் தடவித் தந்தான்.