மூட்டு மூன்று

பள்ளிப் பேருந்து போ-பாசேன் மேட்டில் மூச்சு வாங்கும்.
அதனால் கெண்டோராவின் முதல் பாதியை
நான் பார்த்ததே இல்லை.
வீட்டுக்குள் பையை எறியும்போது
சண்டை முடிந்திருக்கும்.
எதிரி யார், எந்தக் கோள், ஏன் இத்தனை கோபம்,
எல்லாம் அண்ணன் கிஸ்னென் சொல்லித் தெரிந்ததுதான்.
அவனோ கூரைமேல் நின்று
அலைவாங்கியை ரெயூனியன் பக்கம் பிடித்துக்கொண்டிருப்பவன்.
பாதி அவனே கட்டிய கதை.

"வருதா?"
"எறும்பு வருது."
"இப்ப?"
"கை வருது. ஒரே ஒரு கை."

அந்தக் கைதான்.
தோளில் பிய்ந்து தொங்கும்.
நாற்பது மீட்டர் இரும்பு
கொட்டகைக்குள் நொண்டி நொண்டி வரும்.
ஏணியைச் சாய்த்து மிச்சி ஏறுவாள்.
கன்னத்தில் கரி, காதில் பென்சில்.
வாரத்துக்கு ஒரே வசனம், அதுவும் பிரெஞ்சில்:
மூட்டு மூன்று, இறுக்கியாச்சு.
நாயகன் திரும்பிப் பார்த்ததில்லை,
சாப்பிடப் போய்விடுவான்.
பெயர்கள் ஓடத் தொடங்கும்
அவள் இன்னும் ஏணியில் இருக்கும்போதே.

மேர் ரூஜ் துறைமுகத்தில்
ஐந்தாம் எண் பாரந்தூக்கி என் பொறுப்பு.
இருபத்திரண்டு வருடம்.
ஏன் இந்த வேலை என்று நேர்காணலில் கேட்டார்கள்.
குடும்பச் சூழ்நிலை என்றேன்.

போன வெள்ளிக்கிழமை அண்ணன் சீட்டு வாங்கி வைத்திருந்தான்.
மிச்சிக்கென்றே ஒரு படம்!
சுவரொட்டியில் அவள் பெயர் மட்டும்,
கெண்டோரா பின்னால் மங்கலாக.
சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.
நகத்திடுக்கு எண்ணெயை
எலுமிச்சை தேய்த்து எடுத்துவிட்டுப் போனேன்.
வாழ்க்கையில் முதல் தடவை
ஆரம்பத்திலிருந்து பார்க்கப்போகிறேன் இல்லையா.

அரங்கில் நாங்கள் பதினொரு பேர்.

ஏழாவது நிமிடத்தில் தெரிந்தது
மிச்சி ஓர் இளவரசியாம்.
அழிந்த நட்சத்திரத்தின் கடைசி வாரிசாம்.
அவள் திருகுசாவி
வெறும் திருகுசாவி இல்லையாம்,
ரத்தம் பட்டால் ஒளிருமாம்.
கண்ணை மூடுகிறாள், பிய்ந்த கை
தானாகப் பறந்து வந்து ஒட்டிக்கொள்கிறது.
ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை.
நகங்கள் என்னுடையதைவிடச் சுத்தம்.

பக்கத்தில் பார்த்தேன்.
காட்டோ பிமான் பொட்டலத்தைப் பிரிக்காமலே
வைத்திருந்தான் கிஸ்னென்.

அந்த வசனமும் வந்தது. வராமல் இருக்குமா.
வயலின்கள் எழ, அரியணைமுன் மண்டியிட்டு,
அப்பாவின் ஆவியிடம்:
மூட்டு மூன்று,
இவ்வளவு நீட்டி,
இறுக்கியாச்சு.
எந்த மூட்டு? எந்தக் கையில்?
இருட்டில் நான் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல,
முன்வரிசைப் பையன் திரும்பி முறைத்தான்.

அரசகுலமாக இருந்தால்தான்
ஒருத்தி இரவெல்லாம் ஏணியில் நிற்பாளா?
சும்மா நிற்கமாட்டாளா,
இரும்பு நொண்டுகிறது என்பதற்காக?

ஒன்று மட்டும்.
முடிசூட்டு விழா. கூட்டம், கொடி, பூமழை.
திரையின் இடது ஓரம், தூரத்தில்,
தொப்பி போட்ட யாரோ ஒருவர் முதுகு காட்டி
கெண்டோராவின் கணுக்காலில் எதையோ இறுக்கினார்.
இரண்டு நொடி. மிஞ்சினால் மூன்று.
இறுக்கியதும் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார்,
நாங்கள் தட்டுவதுபோலவே.
பிறகு பூ விழுந்து மறைத்துவிட்டது.

எல்லோரும் எழுந்து போனார்கள்.
நான் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன்,
இளவரசி, மன்னன், மன்னனின் இளவயது,
நாய்க்குக் குரல் கொடுத்தவர்,
கீழே, இன்னும் கீழே.
கூட்டுபவள் துடைப்பத்தோடு வந்து காத்திருந்தாள்.
"யாரையாவது தேடுறியா?" என்றாள் கிரியோலில்.

வாசலில் அண்ணன் பொட்டலத்தைப் பிரித்தான்.
ஆறியிருந்தது.
"நான் கூரையில் சொன்ன கதை
இதைவிட நல்லா இருந்ததா, இல்லையா?"
"நீ எங்கேடா பார்த்தாய்," என்றேன்.

பத்து மணிக்கு இரவு ஷிப்ட்.
ஐந்தாம் எண்ணில் அழுத்தம் இறங்குகிறதென்று
செய்தி வந்திருந்தது.