மூன்றாவது காரணம்

சிற்சபேசன் எழும்பினால் எனக்கு வேலை குறைவு.
மற்றவர்கள் மேசையில் அடிப்பார்கள்,
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்
அந்த அடிக்குச் சிங்களம் தேடுவேன்.
இவருடைய வாக்கியம் எங்கே முடியும் என்று
தொடங்கும்போதே தெரியும்.
எழுவாய், ஒரு நிபந்தனை, இன்னொரு நிபந்தனை,
கடைசியில் வினை,
அதுவும் மெதுவாக,
இருட்டில் படியிறங்குகிறவர் காலால் தடவுவதுபோல.

மிதவாதி என்று எழுதின பத்திரிகைகள்.
சிங்களத்தில் மத்யஸ்த என்று சொன்னேன்.
அது தமிழுக்குத் திரும்பி வந்தால் மத்தியஸ்தர்:
இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடிக்க வேண்டிய ஆள்,
இரண்டு வீட்டிலும் ஆறினது.

பன்னிரண்டு வருடம்.
வடக்கில் அவர் கொழும்புக்காரர்,
கொழும்பில் வடக்கான்.
வெள்ளவத்தைச் சந்தியில் நின்ற பொலிஸ்காரர்
"சேர்" என்று சல்யூட் அடித்துவிட்டு
அடையாள அட்டையைக் கேட்டார்.

ஏழாம் வரைவு, பதினாலாம் உறுப்புரை.
அந்த இரவு நானும் இருந்தேன்.
பம்பலப்பிட்டியில் ஒரு ஹோட்டலின் மேல்மாடி.
ஜன்னலுக்குக் கீழே
பாணந்துறைக்குக் கடைசி ரயில் போய்விட்டிருந்தது.
ஒன்பது பேர், ஆறிய பெட்டிஸ், ஒரு சொல்.
"மாகாண சபையின் இணக்கத்துடன்" என்று இருந்தது
ஒன்றரை மணிக்கு
"மாகாண சபையைக் கலந்தாலோசித்து" என்று ஆனது.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
நெடுநேரம் துடைத்தார்.
பிறகு "சரி" என்றார்.
நான் "ஹரி" என்றேன்.
ஓரெழுத்துத்தான் வித்தியாசம்,
வாழ்நாளில் நான் செய்த மிகச் சின்ன மொழிபெயர்ப்பு.

வரைவு சபைக்கே வரவில்லை.
தேர்தல்தான் வந்தது.
விற்றுவிட்டார் என்றது ஒரு துண்டுப்பிரசுரம்,
நாட்டைப் பிரிக்கிறார் என்றது மற்றது.
இரண்டும் ஒரே அச்சகம்.
ஒடிந்த 'ர' இரண்டிலும் இருந்தது.
விருப்பு வாக்கு நாலாயிரத்துச் சொச்சம்.
மெய்க்காப்பாளர் போனார், ஜீப் போனது,
தொலைபேசி தானாகவே அடங்கியது.

பிறகு சட்டபீடம்.
155 பஸ்ஸில் வருவார், மடித்த குடை,
சில்லறையை முன்பே எண்ணி வைத்த கை.
இப்போது அவர் பேச்சை யாரும் குறுக்கிடுவதில்லை,
மணி மட்டும்.
"முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு" என்று
கரும்பலகையில் எழுதும்போது
சோக்கட்டி ஒருதரமும் உடைந்ததில்லையாம்.
என் மருமகள் சொன்னாள், அவளுக்கு நித்திரை வரும் பாடம்.

பென்ஷன் எடுத்த எனக்கு
வினாத்தாள் மொழிபெயர்க்கிற வேலை கிடைத்தது,
பக்கத்துக்கு இவ்வளவு என்று.
நாலாம் கேள்வி:
பின்வரும் உறுப்புரையை விமர்சன நோக்கில் ஆராய்க.
திகதி இல்லை. பெயர் இல்லை.
வாசித்ததும் ஆறிய பெட்டிஸ் மணத்தது.
அதே சொல்லை இரண்டாம் முறை
சிங்களத்தில் வைத்தேன்,
இந்த முறை பகலில்.

சிங்களம் பேசுவார்,
பிள்ளைகளின் அவசரக் கையெழுத்துத்தான் ஓடாது.
கூப்பிட்டார். போனேன். வாசித்துக் காட்டினேன்.
சுட்டெண் 2147. மாத்தறையோ மஹரகமவோ,
ஆணோ பெண்ணோ, தெரியாது:

"கலந்தாலோசிப்பது என்றால்
காது கொடுத்துவிட்டுக் கைவிடலாம்.
இங்கே வேண்டிய சொல் இணக்கம்.
இதை வரைந்தவர் ஒன்றில் அயர்ந்திருக்கிறார்,
அல்லது பயந்திருக்கிறார்."

கூண்டுக்குள் இருந்தால்
ஒலிவாங்கியை மூடி இருமியிருப்பேன்.
"மிச்சத்தையும் வாசியுங்கோ, நிஹ்மத்."
மிச்சம் இல்லை, அதோடு முடிந்திருந்தது.

மின்விசிறி தாளைத் தூக்கியது. உள்ளங்கையால் அமத்தி
இருபத்தைந்துக்குப் பத்தொன்பது போட்டார்.
கொஞ்சம் இருந்தார்.
வெட்டி, பதினேழாக்கினார்.
ஓரத்தில் பென்சிலால்:
மூன்றாவது காரணமும் உண்டு. ஆராயப்படவில்லை.

கீழே அதைச் சிங்களத்தில் எழுதச் சொன்னார்.
எழுதினேன்.
எந்தக் காரணம் என்று நான் கேட்கவில்லை,
சொல்லாததை மொழிபெயர்ப்பது என் வேலையில்லை.

2148
நாலாம் கேள்வியைத் தொடவேயில்லை.