இடது கால்

இடுப்பெலும்பை மாற்றிய மருத்துவர்
தரையோடு ஒட்டிய கார் இனி ஆகாது என்றுவிட்டார்.
அன்றிலிருந்து பிளாஷுக்குச் சோறு இறங்கவில்லை.

கிரான் நகரில் மூன்று ஷோரூம் ஏறினோம்.
விற்பனையாளன் மத்யாஷ்
டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் சொல்லும்போதெல்லாம்
இவர் கண்ணாடிக்கு வெளியே
ஆல்ப்ஸ் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாவது, சக்கரம் வைத்த ஃபிரிட்ஜ்.
இரண்டாவதின் ஸ்டீயரிங்
வட்டி கேட்கப்போன வீட்டுக் கடன்காரன் மாதிரி
வாயே திறக்கவில்லையாம்.
அதில் கிளட்சும் கிடையாது.
ஒவ்வொரு சிக்னலிலும் அவர் இடது கால்
வெறும் தரையை மிதித்து மிதித்துத் தேடியது.
நான் மட்டும் பார்த்தேன்.

மூன்றாவது
யாரும் கேட்டு வராத மாடல்.
ஆறு கியர், கையால் மாற்ற வேண்டும்.
இருக்கை சரியான உயரம்; முனகாமல் ஏறினார்.

பத்து நிமிடச் சோதனை ஓட்டம்
யெசர்ஸ்கோ சாலை வளைவுகளில்
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கி
மறுபடி மூன்றுக்கு ஏறி
முக்கால் மணியாயிற்று.
பின்சீட்டில் மத்யாஷ் கைப்பிடியை விடவேயில்லை.

இறங்கியதும்
"பிடிக்கவில்லை" என்றார், கறாராக.
சாவியைத் திருப்பித் தரவில்லை.

நான் பேனா கேட்டு வாங்கினேன்.
ஆறிய கஞ்சி நிறம்.
அதைப் பற்றி வீட்டில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.