வெறும் பக்கங்களும்

ஆடி முடியமுன்னம் விசா முடியுது.
கஸ்தூரியார் வீதிப் போட்டோகொப்பிக் கடையில்
மூன்றாவதாக நிற்கிறோம்.
முன்னுக்கு நிற்பவர் காணி உறுதி கொண்டுவந்திருக்கிறார்.
பழைய கடதாசி, மடிப்பெல்லாம் ஓட்டை.
பெடியன் அதைப் பொரித்த அப்பளம்போல்
தூக்கி வைக்கிறான்.

ராத்ரீயின் கையில் கோப்பு.
அவ தன் பெயரைச் சொன்ன நாளிலிருந்து
ஒழுங்கையில் ஒருவரும் அதைச் சொல்வதில்லை.
விடியக்காலமை ஒரு பெண்ணை
ராத்திரி என்று எப்படிக் கூப்பிடுவது?
பக்கத்து வீட்டு யோகமலர் அக்கா
ராசாத்தி ஆக்கிவிட்டா.
இரண்டு கிழமையில் மீன்காரனுக்கும் அதுதான் பெயர்.

கிராம சேவகர் துஷ்யந்தினி பேனையைத் தூக்கினபடி இருந்தா.
"நாட்டினம் தாய் எண்டு எழுதினால்
ஆற்ற தாய் எண்டு மேலிடத்தில கேப்பினம் அண்ணை.
தாய்லாந்து எண்டே போடுவம்."
அடுத்த கட்டம் பிள்ளைகள்.
அதில் ஒரு கோடு கீறினா,
அடிமட்டம் வைக்காமலே நேராக.

நானும் ஒரு காலம் கோப்போடு திரிந்தவன்தான்.
பாங்கொக்கில் தொண்ணூறு நாளைக்கு ஒருக்கால்
இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று
எழுதிக் கொடுக்க வேண்டும்.
வேறெங்கே போவது என்று திருப்பிக் கேட்க
அந்தப் படிவத்தில் இடமில்லை.
பிறகு அதைக் கொடுக்கவும் வழியில்லாமல் போய்
ஹுவாய் குவாங்கில், நாலாம் மாடியில்
லைற்றைப் போடாமல் சோறு தின்ற இரண்டு வருசம்.
கீழே பப்பாசிக்காய் இடித்து விற்றவ
ஒருநாள் படியேறி வந்து கதவைத் தட்டினா.
பொலிஸ் என்று நினைத்து
குளியலறைக்குள் போய் நின்றேன்,
அவ பொதியை வாசலில் வைத்துவிட்டுப் போய்
உரல் திரும்பவும் இடிபடும்வரை.

அவவின் மொழியில் மா என்றால் வா.
உயர்த்திச் சொன்னால் குதிரை.
வளைத்துச் சொன்னால் நாய்.
வா வா என்று நான் கூப்பிட்டதெல்லாம்
ஒரு வருசமாக நாய் நாய் என்றே விழுந்ததாம்.
இப்போது கொக்குவில் சந்தியில்
சைக்கிளை ஊன்றிவிட்டு அவ கேட்கிறா, "மா".
விளங்காதோ என்று உயர்த்தியும் வளைத்தும் கேட்கிறா.
தில்லையம்பலத்தார் தராசைத் துடைத்தபடி,
"கோதுமையோ, அரிசியோ?"
மூன்றுக்கும் அதே பதில்தான்.

போன வருசம் நெத்தலியை உப்போடு சாடியில் அடைத்து
கிணற்றடி வெயிலில் வைத்தா.
இருபதாம் நாள் மதிலுக்கு மேலால் யோகமலர் அக்கா,
"தம்பி, ஏதோ செத்துக் கிடக்கு, பாருங்கோ."
செத்ததுதான் அக்கா, இன்னும் முடியேல்லை என்றேன்.
இந்த வைகாசியில் அதே மதிலுக்கு மேலால்
ஒரு வெறும் போத்தல் நீண்டது.
"சொதிக்குள்ள ரெண்டு சொட்டு விட்டனான்.
அவர் ஒண்டும் சொல்லேல்லை.
திரும்பவும் போட்டுச் சாப்பிட்டார்."

சில பின்நேரங்களில் தங்கையோடு வீடியோவில் கதைக்கிறா.
கோழியைக் காட்டுகிறா. முருங்கையைக் காட்டுகிறா.
கறண்ட் போனால் இருட்டையும் காட்டுகிறா.
நான் வந்தால் மட்டும்
போனைக் கொஞ்சம் சரிக்கிறா.
ஏன் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் முறை.
பெடியன் கடவுச்சீட்டைப் புரட்டுகிறான்.
முத்திரை, முத்திரை, பிறகு ஒன்றுமில்லை.
"இந்த வெறும் பக்கங்களும் அடிக்கிறதோ?"
"ஓம் தம்பி. எல்லாம் கேப்பினம்."
நான் வாய் திறக்கமுன் சொன்னது அவ,
தமிழில், ஒரு பிழையுமில்லாமல்.

மிசினுக்குள் வெளிச்சம் போய்ப் போய் வருகிறது.
வெளியே விழுந்த கடதாசிகளின் ஓரத்தில்
பெடியனின் பெருவிரல் மட்டும்
பதினொரு தரம், கறுப்பாய்.
வெறும் பக்கத்துக்கும் அதே காசு.
ஏழரைக்கு பஸ்.