ஸாக் மரத்தின் குறுக்குவெட்டு

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாத்தரில் ஜனவரி மாதத்துப் பச்சை என்பது
மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு ஜெரேனியம்.
அதிலும் ஐந்து இலைதான் மிச்சம்.
மற்றதையெல்லாம் போன வாரத்து வகுப்பு
தோல் உரித்துப் பார்த்துவிட்டது.

ஆகவே கடைக்குப் போனோம்.
எல்லை தாண்டி லாரியில் வந்த செலரித் தண்டு,
வெங்காயம், இரண்டு பேரிக்காய்.
எங்க்தூலுக்கு வந்த பூங்கொத்திலிருந்து
ஒரு லில்லிக் காம்பு.
கொடுத்தது யார் என்று அவள் சொல்லவில்லை.
காம்பு மட்டும் போதும் என்றோம்.

கேரட்டைப் பிளந்து காம்பை நடுவில் நிறுத்தி
பிளேடை ஈரமாக்கி
இழு, அழுத்தாதே, இழு.
இருபது சீவலில் ஒன்று
தண்ணீரில் மிதக்கிறதா இல்லையா என்று
சந்தேகம் வருமளவு மெல்லிசாக விழும்.
அதுதான் வேண்டும்.

முதல் நாள் நான் அரைமணி நேரம் வரைந்தது
ஒரு காற்றுக்குமிழியை.
கறுத்த கரை, சுத்தமான வட்டம்,
நிழல்கூடப் போட்டிருந்தேன்.

இன்று லில்லி தெரிகிறது:
கூட்டம் கலைந்த சதுக்கம்போல
குழாய்க் கற்றைகள் அங்கொன்றும் இங்கொன்றும்.
செலரியில் அவை
ஓரத்தை ஒட்டி வளைந்து நிற்கின்றன.
பேரிக்காயில், பல்லில் நறநறத்த அந்த மணல்,
சுவருக்குள் சுவர் கட்டிக்கொண்டே போய்
குடியிருக்க இடமில்லாமல் செத்த செல்கள்.
மீதிப் பேரிக்காயைத் தின்றோம்.
ஆய்வகத்தில் தின்னக்கூடாது.

ஸோல்ஜயா காலுறைக்குள் சுற்றி எடுத்து வந்தது ஸாக்.
தெற்குக் கோபியில் அவள் வீட்டு அடுப்போரம் கிடந்த
விறகில் ஒரு துண்டு.
முறுக்கிப் பிழிந்த துணிபோல இருந்தது.
தண்ணீரில் போட்டால்
கல்லாய் மூழ்கியது.
இரண்டு நாள் கொதிக்க வைத்தோம்.
வயிரம் பாய்ந்த மரம், அசையவில்லை.
மூன்று பிளேடு பல் போயிற்று,
நான்காவது அவள் கட்டைவிரலைத் தொட்டுவிட்டு
ஒரு சீவல் கொடுத்தது.

ஸஃப்ரானினில் நனைத்தாள்.
எது சாயம், எது விரல் என்று தெரியவில்லை.

கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை.
உதடு மட்டும் அசைந்தது. எண்ணினாள்.
நாற்பத்தாறு வளையம்.
தாளில் எழுதினாள்: வயது 46.

ஹோர்லோ எங்களைவிட நாலே வயது மூப்பு,
அன்றைக்குத் திருத்த நூறு தாள் அவளிடம்.
நின்றபடியே அடித்துவிட்டாள்.
இது பைன் அல்ல,
ஒரு வளையம் அடங்கியதும் வெளியே இன்னொன்று பிறக்கும்,
வருடத்துக்கு ஒன்று என்று ஒப்பந்தம் ஏதுமில்லை.
பார், புளோயம் பட்டையோரம் நிற்காமல்
மரத்துக்குள்ளேயே தீவு தீவாய்க் கிடக்கிறது.
எண்ணி ஒன்றும் ஆகாது.

நானும் குனிந்து பார்த்தேன்.
சிவப்பு வயலில் சின்னச் சின்னக் குளங்கள்.
எந்த வளையமும் முழுதாக மூடவில்லை.
நடுவில் தொடங்கி,
பக்கத்து வளையத்தில் போய்க் கரைந்துவிடுகிறது.

"அப்படியானால்,"
என்றாள் ஸோல்ஜயா,
யாரையும் பார்க்காமல்,
"ஒரு குளிர்காலத்தில் நாங்கள்
எத்தனை வருஷத்தை எரிக்கிறோம்?"

வெந்நீர்க் குழாய் டங்கென்றது.
எங்க்தூல் விளக்கை அணைக்கப் போனவள்
அணைக்காமல் நின்றாள்.
இந்தச் சூடு நிலக்கரிச் சூடு,
அதற்கு யாரிடம் வயது கேட்பது
என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அடித்த இடத்தின் கீழே அவள் மறுபடி எழுதினாள்:
வயது: தெரியாது.
எரியும் நேரம்: மூட்டினால் விடியும்வரை.

பத்துக்கு ஏழு கிடைத்தது.
அளவுகோல் போட மறந்திருந்தாள்.